வாத்துக் கறி குளிர்ச்சி என்றார்கள், அரிப்பும் குறைந்தது. குளிர்காலத்தில் ஆட்டுக் கறிக்கு மாற்றலாமா?

பிரவுனி அம்மா

எல்லோருக்கும் வணக்கம். எங்கள் பிரவுனிக்கு ஆறு வயது. லேப்ரடார், கருத்தடை செய்த பெண், 28 கிலோ. இரண்டு வருடமாக அரிப்பு. முன்னங்கால் பாதங்களை நக்கி நக்கி, விரலிடுக்கு முடியெல்லாம் துருப்பிடித்த நிறத்தில் இருக்கும். காதில் வாடை, அக்குளில் சிவப்பு. ராத்திரி இரண்டு மணிக்கு அவள் சொறியும்போது கழுத்துப்பட்டை மணி கிலுகிலுக்கும். அந்தச் சத்தத்துக்கே எனக்குத் தூக்கம் போய்விடும். ஸ்டீராய்டு மாத்திரை கொடுத்தால் அடங்கும், நிறுத்தினால் பத்தே நாளில் பழைய கதை.

அப்போதுதான் சீன மருத்துவ முறையில் நாய்களுக்கான உணவு பற்றிப் படித்தேன். ஒவ்வொரு உணவுக்கும் ஒரு குணம். ஆட்டுக் கறியும் மான் கறியும் சூடு. கோழி மிதமான சூடு. பன்றி நடுநிலை. வாத்து, முயல், வெள்ளை மீன், பார்லி, வெள்ளரி எல்லாம் குளிர்ச்சி. சிவந்த தோல், அரிப்பு, மூச்சிரைப்பு, குளிர்ந்த தரையைத் தேடிப் படுப்பது, இதெல்லாம் உடம்பில் சூடு ஏறியதன் அடையாளமாம். படிக்கப் படிக்க பிரவுனியைப் பார்த்தே எழுதின மாதிரி இருந்தது.

அதுவரை கோழி கலந்த உலர் உணவுதான் கொடுத்துவந்தேன். ஒரே நாளில் நிறுத்திவிட்டு வாத்துக் கறி, பார்லி, கொஞ்சம் வெள்ளரி என்று வீட்டிலேயே சமைக்க ஆரம்பித்தேன். தினமும் சுமார் 350 கிராம் கறி தோலோடு, 200 கிராம் வெந்த பார்லி. மாட்டிறைச்சித் துண்டுகளைத் தின்பண்டமாகக் கொடுக்கும் பழக்கம் இருந்தது. என் பட்டியலில் மாடும் சூடு என்று இருந்ததால் அதையும் விட்டுவிட்டேன். இன்றோடு ஐந்து வாரம். ஸ்டீராய்டு இல்லாமலே அரிப்பு பாதிக்குமேல் குறைந்திருக்கிறது. இதை எழுதும்போது கண் கலங்குகிறது.

இப்போது என் சந்தேகங்கள். குளிர்காலம் வரப்போகிறது. குளிர்ச்சியான உணவையே தொடர்ந்தால் உடம்பு ஒத்துக்கொள்ளுமா, இல்லை ஆட்டுக் கறி மாதிரி சூடானதற்கு மாற வேண்டுமா? இன்னொரு பட்டியலில் மாடு நடுநிலை என்று போட்டிருக்கிறது, எதை நம்புவது? அப்புறம், எடை 29.6 கிலோ ஆகிவிட்டது. இந்த வாரம் இரண்டு தடவை காலையில் மஞ்சள் நுரையாக வாந்தி எடுத்தாள். குளிர்ச்சி அதிகமாகிவிட்டதோ என்று பயமாக இருக்கிறது.

நாலுகால் தோழன்

பிரவுனி அம்மா, உங்கள் பதிவைப் படித்து ரொம்ப சந்தோஷம். நானும் மூன்று வருடமாக இந்த முறையில்தான் சமைக்கிறேன். இரண்டு நாய்கள். ஒன்று எப்போதும் போர்வைக்குள் புகுந்துகொள்ளும், இன்னொன்று மழை நாளில்கூடக் குளியலறைத் தரையில்தான் படுக்கும். இரண்டுக்கும் ஒரே சாப்பாடு போடுவது எனக்குச் சரியாகப் படவில்லை.

இதில் சூடு, குளிர்ச்சி என்பது தட்டில் இருக்கும் வெப்பம் இல்லை. சாப்பிட்ட பிறகு உடம்பு எந்தப் பக்கம் சாய்கிறது என்பதைத்தான் சொல்கிறார்கள். சமைக்கும் விதமும் சேர்த்திதான். நீரில் வேகவைத்ததைவிட அடுப்பில் வாட்டியது சூட்டுப் பக்கம் போகும். அதனால் குளிர்காலத்துக்கு வாத்தை அடியோடு விட வேண்டாம். பாதி வாத்து, பாதி கோழி என்று நடுநிலைக்குக் கொண்டுவந்து, ஒரு துண்டு இஞ்சி சேர்த்தால் போதும். வாந்திக்கும் இஞ்சி நல்லது.

டாமி தாத்தா

அம்மா பிரவுனி அம்மா, கொஞ்சம் நீளமாக எழுதப்போகிறேன், பொறுமையாகப் படி. உன் மகிழ்ச்சியைக் குறைக்க இதை எழுதவில்லை. ராத்திரி மணிச் சத்தம் கேட்டு விழித்தவன் நானும்தான்.

எங்கள் டாமி 14 கிலோ, எந்த இனமென்று சொல்ல முடியாத கலப்பு, பழுப்பு நிறம். ஒன்பது வயதில் அவனுக்கு மூச்சிரைப்பு ஆரம்பித்தது. உட்கார்ந்த இடத்திலேயே நாக்கைத் தொங்கப்போட்டு இரைப்பான். கல் தரையைத் தேடிப் படுப்பான். நாக்கு சிவப்பாக இருந்தது. நானும் நீ படித்ததையெல்லாம் படித்தேன். சூடு நாய் என்று எனக்குள் முடிவு கட்டி, வாத்து, வெள்ளை மீன், பார்லி, வெள்ளரி என்று ஏழு மாதம் போட்டேன். நோட்டுப் புத்தகம் போட்டு தினமும் எழுதினேன். என்ன தின்றான், எப்படி மலம் போனான், எங்கே படுத்தான், எல்லாம்.

அந்த நோட்டில் ஒரு பரிசோதனையும் உண்டு. வெப்பமானியை வைத்து இரண்டு வாரம் அவன் உடம்பு வெப்பத்தை அளந்தேன். ஒரு வாரம் ஆட்டுக் கறி, ஒரு வாரம் வாத்து. இரண்டு வாரமும் 38.4-க்கும் 38.9 டிகிரி செல்சியஸுக்கும் நடுவிலேயே இருந்தது. நாய்க்கு அது இயல்பான வெப்பம்தான். ஆட்டுக் கறி தின்றதால் கூடவும் இல்லை, வாத்து தின்றதால் குறையவும் இல்லை. இந்த முறையைச் சொல்பவர்கள், நாங்கள் வெப்பமானியில் காட்டும் சூட்டைச் சொல்லவில்லை என்பார்கள். அது நியாயம்தான். ஆனால் அன்றைக்கே எனக்கு ஒன்று உறைத்திருக்க வேண்டும். எதை வைத்துச் சரிபார்ப்பது என்று தெரியாத ஒன்றை நம்பி நான் நாட்களைக் கடத்திக்கொண்டிருந்தேன்.

ஏழாம் மாதம் என் மகள் வந்தாள். வந்த அன்றே, "அப்பா, இவன் ஏன் இவ்வளவு தண்ணி குடிக்கிறான்?" என்றாள். மறுநாள் அளந்து ஊற்றினோம். 24 மணி நேரத்தில் 1.7 லிட்டர். ஒரு கிலோ எடைக்கு 100 மில்லிக்கு மேல் போனால் காரணம் தேட வேண்டும் என்பது கணக்கு. இவன் 120 மில்லி குடித்துக்கொண்டிருந்தான். வயிறு தொங்கியிருந்தது, விலாப்பக்கம் முடி மெலிந்திருந்தது. தினமும் பார்த்துக்கொண்டிருந்த என் கண்ணுக்கு அது படவே இல்லை. ரத்தப் பரிசோதனையில் குஷிங் நோய் என்று தெரிந்தது. அட்ரினல் சுரப்பி கார்டிசால் என்ற ஹார்மோனை அளவுக்கு மீறிச் சுரக்கும் நோய். மூச்சிரைப்பு, தாகம், பசி, தொங்கும் வயிறு எல்லாமே அதன் அறிகுறிகள். ட்ரைலோஸ்டேன் மாத்திரை ஆரம்பித்து சில வாரத்தில் இரைப்பு நின்றது. அதன் பிறகு இரண்டு வருடம் நிம்மதியாக இருந்தான். அந்த ஏழு மாதத்தை நினைத்தால் இன்றும் நெஞ்சு அடைக்கிறது.

இதற்கு எதிர்ப்பக்கமும் உண்டு. நடுவயது நாய் சோம்பலாகி, எடை கூடி, வெயிலையும் போர்வையையும் தேடினால், குளிர்ச்சி உடம்பு, சூடானதைப் போடு என்பார்கள். தைராய்டு குறைந்தாலும் அதே அடையாளங்கள்தான். நாலுகால் தோழன் தம்பி, உங்கள் போர்வை நாய்க்கு ஒரு தடவை ரத்தம் பார்த்துவிடுங்கள். ஒன்றும் இருக்காது, இருந்தாலும் பார்த்துவிடுங்கள்.

சரி, பிரவுனிக்கு வருகிறேன். நீ எழுதியதை இரண்டு தடவை படித்தேன். நீ மாற்றியது ஒன்றை அல்ல அம்மா. கோழி போனது. உலர் உணவு போனது, அதனோடு அதில் கலந்திருந்த இன்னும் பத்துப் பதினைந்து பொருட்களும் போயின. மாட்டிறைச்சித் துண்டும் அதே நாளில் போனது. இத்தனையில் எது போனதால் அரிப்பு குறைந்தது? சூடு குறைந்ததால் என்று நீ நம்புகிறாய். ஒவ்வாத ஏதோ ஒரு புரதம் நின்றதால் என்றும் இருக்கலாம் அல்லவா? இரண்டும் ஒன்றுதானே, குறைந்தால் சரி என்று தோன்றும். ஒன்றில்லை. சூடுதான் காரணம் என்றால் குளிர்காலத்தில் நீ கொஞ்சம் மாட்டையோ கோழியையோ திருப்பிக் கொடுப்பாய். ஒவ்வாமைதான் காரணம் என்றால் அந்தக் கொஞ்சமே போதும், மணி மறுபடி கிலுகிலுக்கும்.

இன்னொன்று, கறியைத் தோலோடு போடுகிறேன் என்றாய். தோலோடு இருக்கும் 100 கிராம் பச்சை வாத்துக் கறியில் சுமார் 39 கிராம் கொழுப்பு, 400 கலோரி. தோலை உரித்துக் கொழுப்பை வழித்துவிட்டால் 6 கிராம் கொழுப்பு, 135 கலோரிக்குள். நீ கொடுக்கும் 350 கிராம் கறியிலேயே 1,400 கலோரி வந்துவிடுகிறது. 28 கிலோ இருக்கும் கருத்தடை செய்த நாய்க்கு ஒரு நாளைக்கு மொத்தமே ஏறக்குறைய 1,360 கலோரி போதும். எடையை 0.75 அடுக்குக்கு உயர்த்தி 70-ஆல் பெருக்கி, அதை 1.6-ஆல் பெருக்குவது கணக்கு. எடை கூடியதற்குக் குளிர்ச்சியைக் குற்றம் சொல்ல வேண்டாம், தோலில் இருக்கிறது பதில். மஞ்சள் நுரையை மட்டும் லேசாக விடாதே. இவ்வளவு கொழுப்பு திடீரென்று உள்ளே போனால் கணையம் வீங்கலாம். டாக்டரிடம் காட்டு, இந்த வாரமே காட்டு.

பிரவுனி அம்மா

தாத்தா, உங்கள் பதிலைப் படித்துவிட்டு ரொம்ப நேரம் பேசாமல் உட்கார்ந்திருந்தேன். டாமிக்காக மனம் கனத்தது. இன்று காலை அவளை அழைத்துப் போனேன். கணையப் பரிசோதனை செய்தார்கள், வீக்கம் இல்லை. கொழுப்பைக் குறைக்கச் சொன்னார்கள், ராத்திரிச் சாப்பாட்டைக் கொஞ்சம் தள்ளிக் கொடுக்கச் சொன்னார்கள். தண்ணீரையும் அளந்துபார்த்தேன், 24 மணி நேரத்தில் 1.3 லிட்டர்.

மாட்டிறைச்சித் துண்டை நான் கணக்கிலேயே எடுத்துக்கொள்ளவில்லை. ஒரு நாளைக்கு நாலு துண்டுதான். அதெல்லாம் ஒரு காரணமாக இருக்குமா?

வெட் அக்கா

இருக்கும் பிரவுனி அம்மா. ஒவ்வாமைக்கு அளவு பெரிதில்லை. நான் கால்நடை மருத்துவர், தோல் நோய்ப் பிரிவில் வேலை செய்கிறேன். பிரவுனியை நேரில் பார்க்காததால் பொதுவாகத்தான் சொல்ல முடியும்.

உணவு ஒவ்வாமை உள்ள 297 நாய்களைப் பற்றிய அறிக்கைகளைத் தொகுத்து 2016-இல் வெளியான ஆய்வில், அதிகம் அகப்பட்டது மாட்டிறைச்சி, சுமார் 34 சதவீதம். அடுத்து பால்பொருட்கள் 17, கோழி 15, கோதுமை 13, ஆட்டுக் கறி 5. இந்த வரிசைக்கும் சூடு, குளிர்ச்சிப் பட்டியலுக்கும் எந்தப் பொருத்தமும் இல்லை. எல்லோரும் சூடு என்று சொல்லும் ஆடு மிகவும் கீழே இருக்கிறது. உங்கள் இரண்டாவது பட்டியலில் நடுநிலையாக இருக்கும் மாடு முதலில் இருக்கிறது. நாயின் நோய் எதிர்ப்பு அமைப்பு எந்தப் புரதத்தை முன்பே சந்தித்துப் பகையாக எடுத்துக்கொண்டது என்பதுதான் கேள்வி.

ஐந்து வாரத்தில் நிறுத்திவிடாதீர்கள். உணவுச் சோதனை குறைந்தது எட்டு வாரம் போக வேண்டும், சில நாய்களில் தோல் அப்போதுதான் தெளியும். இன்னும் மூன்று வாரம் தோலுரித்த வாத்தும் பார்லியும் மட்டும். நாலுகால் தோழன் சொன்ன பாதிக் கோழியும் இஞ்சியும் இப்போது வேண்டாம், எதுவுமே புதிதாகச் சேரக் கூடாது. பூச்சிக்கும் புழுவுக்கும் கொடுக்கும் மெல்லும் மாத்திரைகளில் சிலவற்றில் இறைச்சிச் சுவைக்காக மாட்டுப் புரதமோ பன்றிப் புரதமோ இருக்கும், உறையைப் படியுங்கள். அதே சமயம் தெள்ளுப்பூச்சிக்கான மருந்தை விட்டுவிடவும் கூடாது. வாலடியும் இடுப்பும்தான் அதிகம் அரிக்கிறது என்றால் முதலில் தெள்ளைச் சந்தேகிக்க வேண்டும். ஒவ்வாமை உள்ள நாய்க்குச் சில கடிகளே போதும். நாயின் மேல் ஒரு பூச்சிகூடக் கண்ணில் படாமல் இருக்கலாம், நாயே அதைக் கடித்து நக்கி விழுங்கியிருக்கும்.

எட்டு வாரம் முடிந்ததும் பலரும் செய்யத் தயங்குவது ஒன்று இருக்கிறது, ஆனால் அது இல்லாமல் விடை வராது. பழைய உணவுகளை ஒவ்வொன்றாகத் திருப்பிக் கொடுத்துப் பார்க்க வேண்டும். முதலில் வெந்த கோழி மட்டும் இரண்டு வாரம். ஒன்றும் ஆகவில்லை என்றால் அதை நிறுத்திவிட்டு மாடு. அரிப்பு திரும்புவதாக இருந்தால் பெரும்பாலும் இந்த இரண்டு வாரத்துக்குள் திரும்பிவிடும். திரும்பிய உடனே நிறுத்துங்கள். எதுவுமே திரும்பவில்லை என்றால் உணவு காரணமில்லை. தூசிப் பூச்சி, மகரந்தம் மாதிரி ஏதாவது இருக்கலாம், பருவம் மாறினதால் குறைந்திருக்கலாம்.

வாத்து, பார்லி, வெள்ளரி மட்டுமே வைத்து வருடக்கணக்கில் ஓட்ட முடியாது. இதில் கால்சியம் ஒரு நாளைக்கு 100 மில்லிகிராம்கூடத் தேறாது. பிரவுனி அளவு நாய்க்குக் குறைந்தது 1.3 கிராம் வேண்டும். துத்தநாகம், அயோடின், வைட்டமின் டி, வைட்டமின் ஈ எல்லாம் குறையும். வளர்ந்த நாய் சில வாரம் தாங்கும், குட்டிக்கு இதைச் செய்யவே கூடாது. வீட்டுச் சமையலுக்கான 200 குறிப்புகளைக் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாகத்தில் ஆராய்ந்து 2013-இல் வெளியிட்டார்கள். அதில் 95 சதவீதக் குறிப்புகளில் ஒரு சத்தாவது தேவைக்குக் கீழே இருந்தது. எந்தக் கறி என்று தெரிந்த பிறகு, நாய் உணவியல் படித்தவரிடம் பிரவுனிக்கென்றே ஒரு கணக்குப் போட்டு வாங்குங்கள்.

ஒரு பயத்தையும் சொல்லிவிடுகிறேன். மனிதர்களுக்கு எழுதிய சூடு, குளிர்ச்சிப் பட்டியலை அப்படியே நாய்க்கு எடுப்பவர்களைப் பார்க்கிறேன். சூடு பட்டியலில் பூண்டும் வெங்காயமும் இருக்கும். இரண்டும் நாயின் சிவப்பணுக்களை உடைக்கும். சமைத்தாலும் நஞ்சு போகாது. உடம்புக்கு நல்லது என்று பட்டியலில் இருக்கும் திராட்சை சிறுநீரகத்தைச் செயலிழக்க வைக்கலாம். அதேபோல நாக்கும் ஈறும் வெளிறினால் குளிர்ச்சி என்று இஞ்சியைத் தட்டிப் போடாதீர்கள். ரத்தம் குறைந்திருக்கலாம், அன்றே தூக்கிக்கொண்டு ஓட வேண்டிய நிலை அது.

குளிர்காலத்துக்கு வருகிறேன். வீட்டுக்குள் படுத்துத் தூங்கும் லேப்ரடாருக்குப் பருவத்துக்காகக் கறியை மாற்ற வேண்டியதில்லை. 1.3 லிட்டர் தண்ணீர் அவள் எடைக்கு இயல்பான அளவுதான், கவலை வேண்டாம்.

நாலுகால் தோழன்

தாத்தா, சொன்னபடி ரத்தம் பார்த்தேன். போர்வை நாய்க்குத் தைராய்டு சரியாகவே இருக்கிறது. பார்த்ததில் மனம் லேசானது. இந்த முறையில் எனக்கு இன்னும் நம்பிக்கை உண்டு. இந்த நாய் எங்கே படுக்கிறது, நாக்கு எப்படி இருக்கிறது என்று தினமும் என்னை உற்றுப் பார்க்க வைத்தது இதுதான். ஆனால் மூன்று வருடமாகக் கால்சியம் பற்றி நான் யோசித்ததே இல்லை. வெட் அக்கா, என் சமையலை அப்படியே எழுதி அனுப்புகிறேன், ஒரு தடவை பார்க்க முடியுமா?

வெட் அக்கா

அனுப்புங்கள் தம்பி. கறியை எலும்போடு போடுகிறீர்களா இல்லையா, எத்தனை கிராம், நாய்களின் எடை, எல்லாம் சேர்த்து எழுதுங்கள். வெந்த எலும்பு மட்டும் வேண்டாம், கூராக உடைந்து குடலைக் கிழிக்கும்.

பிரவுனி அம்மா

இரண்டு மாதம் கழித்து வருகிறேன், மன்னிக்கவும். முடித்துவிட்டே எழுதலாம் என்று இருந்தேன்.

எட்டு வாரம் முடிகிற வரைக்கும் வாத்தும் பார்லியும் மட்டும் கொடுத்தேன். பாதத்தில் புது முடி அவளுடைய சொந்த நிறத்திலேயே வளர ஆரம்பித்தது. பிறகு கோழி. முதல் நாள் கிண்ணத்தை வைக்கும்போது கை நடுங்கியது, இரண்டு வருடமாக நான் சந்தேகப்பட்டது அதைத்தான். ஐந்தாம் நாள் ஒன்றுமில்லை. பத்தாம் நாள் ஒன்றுமில்லை. பதினான்காம் நாளும் அவள் பாட்டுக்குத் தூங்கினாள்.

அதற்குப் பிறகு மாடு. பழைய மாதிரியே ஒரு நாளைக்கு நாலு துண்டு. நான்காம் நாள் ராத்திரி மணிச் சத்தம் கேட்டது. விளக்கைப் போட்டுப் பார்த்தால் இடது பாதத்தை வாய்க்குள் வைத்துக் கடித்துக்கொண்டிருக்கிறாள், அக்குள் சிவந்திருக்கிறது. அன்றே நிறுத்தினேன், அடங்கக் கிட்டத்தட்ட இரண்டு வாரம் ஆனது.

பழைய உலர் உணவின் உறையைத் தேடி எடுத்துப் படித்தேன். முன்பக்கம் பெரிதாகக் கோழி என்று போட்டிருந்தது. பின்பக்கத்துச் சின்ன எழுத்தில் மாட்டுக் கொழுப்பும் மாட்டு எலும்புத் தூளும் இருந்தன.

எடை 28.2-க்கு இறங்கிவிட்டது. உணவியல் டாக்டர் போட்டுக் கொடுத்த கணக்குப்படி இப்போது தோலில்லாக் கோழி, அரிசி, பூசணி, எடை பார்த்துக் கலக்கும் சத்துத் தூள். தாத்தா, உங்களைப் பார்த்து நானும் ஒரு நோட்டு வாங்கியிருக்கிறேன். முதல் பக்கத்தில் அவள் குடிக்கும் தண்ணீரின் அளவை எழுதியிருக்கிறேன்.

டாமி தாத்தா

மாசத்துக்கு ஒரு தடவை அளந்து எழுது அம்மா, அது போதும். பிரவுனியின் பாதத்தைப் படம் எடுத்துப் போடு, அந்தப் புது முடியைப் பார்க்க வேண்டும்.